வந்துருச்சு அண்ணன்

கிளம்பாமலே "இதோ வந்துட்டேன்" என்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. குளியலறையில் நின்றுகொண்டே "பாதி வழியில இருக்கேன்" என்போம். கேட்பவருக்கும் அது தெரியும் என்பதால் யாரும் யாரையும் பொய்யர் என்று சொல்வதில்லை. ஆனால் நான் சொல்லப்போகும் மனிதர் இந்தப் பழக்கத்தை வைத்தே ஒரு தொழிற்சாலையை நடத்தப் பார்த்தார். எந்த மார்க்கெட்டையும் அவர் 'வரும்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "ஏரோப்ளேன் மார்க்கெட் வந்துருச்சும்மா." "எலும்பு மார்க்கெட் வந்துருச்சும்மா." முகத்துக்கு நேரே எல்லாரும் அண்ணே என்று கூப்பிட்டார்கள். அவர் தலை மறைந்ததும் வந்துருச்சு அண்ணன்.

அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். பாசம் அதற்குப் பிறகு வேண்டாவெறுப்பாக வந்து நிற்கும். ஏமாற்றுக்காரர் என்று ஒரு முறை திட்டித் தீர்த்துவிட்டால் மனம் ஆறிவிடும். அதற்கும் வழியில்லை. அவர் வந்துருச்சு என்று சொன்ன ஒவ்வொன்றும் பிற்பாடு வந்தது. எங்களிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

மலேசியாவின் ஜொகூரில், பாசிர் கூடாங் பக்கம் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் அவர் மார்க்கெட்டிங் மேனேஜர். இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் என்று தொழிலுக்குப் பெயர். அந்தப் பெயரே அவருக்குப் பாதி வினை. கல்யாண மண்டபத்தில் யாராவது "என்ன வேல செய்றீங்க?" என்று கேட்டால் "இன்வெஸ்ட்மென்ட்" என்று ஆரம்பிப்பார். மீதியைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் நாற்காலியை நகர்த்திக்கொள்வார்கள். சீக்கிரம் பணக்காரராகும் திட்டங்களில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் ஊரில் நிறைய. மீதிப் பேர் நெருங்கி வந்து உட்கார்ந்து மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அவர் ஒரே விளக்கத்தைத்தான் கொடுப்பார். செய்யவேண்டிய சாமானை முதலில் மெழுகில் செய்வோம். பல மெழுகுகளை ஒரே தண்டில் மரம் மாதிரி ஒட்டுவோம். அதை மாவுக்கரைசலில் முக்கி, மணல் தூவி, காயவைத்து, மறுபடி முக்கி, மேலே கெட்டியாக ஓடு கட்டியதும் மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிடுவோம். உள்ளே காலியாக இருக்கும் இடத்தில் உருகிய ஸ்டீலை ஊற்றுவோம். ஆறியபின் ஓட்டை உடைத்தால் சாமான் ரெடி. விளக்கி முடித்ததும், கேட்டவர் தப்பிக்கப் பார்க்கும் நேரத்தில், "இதுக்கு மார்க்கெட் இப்ப எங்க போவுது தெரியுமா?" என்பார். பந்தியில் பாயசம் வந்த பிறகும் அந்த மனிதரை விடமாட்டார்.

எனக்கு அவர் அறிமுகமானது பெர்மாஸ் ஜெயாவில், ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டிச்சானாய் கடையில். என் கணவருக்கும் அவருக்கும் கோயில் தண்ணீர்ப் பந்தல் பழக்கம். எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தார். அப்போது நான் தினமும் ஜொகூரிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் ஒரு பம்பு கம்பெனியில் கியூசி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிற சாமான் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்து அனுப்புகிற வேலை.

"காலையில எத்தன மணிக்குமா கெளம்புவ?" என்று கேட்டார்.

"நாலு மணிக்கு எந்திரிச்சாதான் அண்ணே பாலத்துல கியூ கொஞ்சம் கம்மி."

"பாப்பா?"

"தூங்கிட்டு இருப்பா. நான் திரும்பி வர்றப்பவும் தூங்கிட்டுதான் இருப்பா. ஞாயித்துக்கெழமதான் அவ மூஞ்சிய நான் முழிச்சபடி பாக்குறது."

சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். உண்மையாகவே அவர் முகம் வாடியது. அதை நான் இன்றைக்கும் நடிப்பு என்று சொல்லமாட்டேன். "விட்டுட்டு வாம்மா. மார்க்கெட் இங்க வந்துருச்சு. சீனாவுல செஞ்சதையெல்லாம் பாதியாச்சும் வேற எடத்துல செய்யணும்னு வெள்ளக்காரன் முடிவு பண்ணிட்டான். வேற எடம்னா எது? நாமதான். இன்னும் கொஞ்ச நாள்ல சிங்கப்பூர்க்காரன் வேல தேடி இந்தப் பக்கம் வருவான் பாரு."

சம்பளம் சரிபாதிக்கும் கீழே. கணவர் தயங்கினார். என் அம்மா போனில் கத்தினார். நான் வேலையை மாற்றிக்கொண்டேன். காரணம் மார்க்கெட் இல்லை. வெளிச்சம் வந்த பிறகு மகளை எழுப்பி, தலை சீவி, பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்தத் தொழிற்சாலை திறந்திருக்கும்வரை அது கிடைக்கும். மூடினால் மறுபடியும் பாலம். இதைவிடப் பெரிய கணக்கு எதுவும் என்னிடம் கிடையாது.

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, எங்கள் எல்லாருடைய சம்பளத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தது செம்பனை என்று. செம்பனைப் பழத்தைப் பிழிகிற எண்ணெய் ஆலைகளில் பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர், வால்வு உடல், இப்படிப்பட்ட ஸ்டெயின்லெஸ் சாமான்கள். அலங்காரம் இல்லாத வேலை. ஆலையில் தேயும், உடையும், திரும்பக் கேட்பார்கள். அண்ணன் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அவர் பேசியதெல்லாம் மற்றவை. அவருடைய காரின் பின்பக்கம் முழுக்க சாம்பிள்கள் கிடக்கும். கோல்ஃப் மட்டையின் தலைகள், இடுப்பு எலும்புக்குப் பதிலாக வைக்கிற உலோகத் தண்டுகள், டர்பைன் இலைகள். ஒவ்வொன்றும் அவர் காதலித்துக் கைவிட்ட ஒரு மார்க்கெட். கார் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவை உருண்டு சத்தம் போடும். அவருக்கு அது கேட்டதாகவே தெரியாது.

ஒரு முறை கோத்தா திங்கி சாலையில் போலீஸ் சோதனை. நானும் காரில் இருந்தேன். போலீஸ்காரர் பின்கதவைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இடுப்பு எலும்புத் தண்டைக் கையில் எடுத்து, இது என்ன என்று மலாயில் கேட்டார்.

"துலாங், என்சிக்," என்றார் அண்ணன். எலும்பு.

போலீஸ்காரர் ஒரு அடி பின்னால் போனார். யாருடைய எலும்பு என்று கேட்டார்.

"மனுசன் எலும்புதான். மார்க்கெட் சூடா மாசோக்," என்றார். மார்க்கெட் உள்ளே வந்தே விட்டதாம். அதோடும் அவர் நிறுத்தவில்லை. மக்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, இடுப்பு தேய்கிறது, முட்டி தேய்கிறது, வருங்காலத்தில் ஜொகூர் முழுவதும் எலும்பு வார்க்கும் என்று சாலையோரத்திலேயே ஒரு கூட்டம் நடத்தினார். போலீஸ்காரர் முதலில் சந்தேகத்தோடு கேட்டார், பிறகு கொட்டாவி விட்டார், கடைசியில் தன் அம்மாவுக்கு முட்டி வலி என்று சொல்லி ஆலோசனை கேட்டார். போங்கள் போங்கள் என்று அனுப்பிவைத்தபோது எங்களுக்குப் பின்னால் ஒரு நீள வரிசை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அந்த எலும்புக்காகத் தொழிற்சாலையில் பட்ட பாடு சிரிப்பில்லை. மருத்துவச் சாமான் செய்ய வேண்டுமென்றால் தனிச் சான்றிதழ், தனி அறை, ஒவ்வொரு துண்டுக்கும் பிறப்பிலிருந்து கதை எழுதி வைக்கவேண்டும். நாங்கள் முறையாக ஆரம்பித்தோம். பாதி ஏணி ஏறியிருப்போம். ஒரு திங்கட்கிழமை அண்ணன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு மெழுகு அறைக்குள் வந்தார். திரையில் ஒரு ரோபோ மெழுகு மரத்தை மாவில் முக்கிக்கொண்டிருந்தது.

"எலும்ப விடுங்க. ஏரோப்ளேன் வந்துருச்சு."

மெழுகு அறைக்குத் தலைவி மாலா அக்கா. லாபிஸ் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், யாருக்கும் பயப்படமாட்டார். கையிலிருந்த மெழுகுக் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்: "வந்துருச்சுன்னா எங்கண்ணே நிக்குது? கேட்டத் தொறந்து விடவா?"

அறையே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அண்ணன். அதுதான் அவரிடம் பெரிய தொல்லை. கோபமே வராது. எந்தக் கிண்டலும் அவர்மேல் ஒட்டாது. "அக்கா இருக்கீங்களே, எம்டி ஆகவேண்டிய ஆளு!" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ரோபோவைக் காட்டப் போய்விடுவார். விமானத்துக்கு வார்க்க வேண்டுமானால் காற்றே இல்லாத உலை வேண்டும், அது நம்மிடம் இல்லை, வாங்கவும் வக்கில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. தெரிந்தாலும் அது சின்ன விஷயம். மார்க்கெட்டே வந்த பிறகு உலை வராதா?

எனக்கு எரிச்சல் உச்சத்தில் இருந்த ஒரு நாள், பள்ளியிலிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல், வாந்தி. கணவர் லாரியோடு குவாந்தான் போயிருந்தார். நான் கைப்பையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கார் சாவியோடு வாசலில் நின்றார். பள்ளிக்குப் போய் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது அவர்தான். சட்டையெல்லாம் வாந்தி. துடைத்துக்கொண்டு கிளினிக்கில் எங்களோடு உட்கார்ந்திருந்தார். பாப்பா தூங்கியதும் டாக்டரிடம் இடுப்பு எலும்பு எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். காய்ச்சல் டாக்டரிடம். இந்த மனிதரை எப்படி முழுசாக வெறுப்பது?

எங்களிடம் இம்பெல்லர் வாங்கும் காஹாங் எண்ணெய் ஆலைக்கு ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனார். ஒரு இம்பெல்லரில் மயிரிழை விரிசல் என்று புகார் வந்திருந்தது, நான் பார்க்கவேண்டியிருந்தது. ஆலை இன்ஜினியர் நம் ஆள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த மேசையில் இம்பெல்லரை வைத்துவிட்டு, மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், எனக்குப் புதுசா ஒன்னும் வேணாம். முன்ன எப்பிடிக் குடுத்தீங்களோ அப்பிடியே குடுங்க, சொன்ன தேதியில குடுங்க. பம்பு நின்னா மில்லு நிக்கும். மில்லு நின்னா வெளிய லாரில பழம் அழுகும். அப்பறம் மேனேஜர் என்னைய அழுக வெப்பாரு."

அண்ணன் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, "சார், ஜொகூர்ல எத்தன டேட்டா சென்டர் கட்டுறாங்க பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தார். இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் இம்பெல்லரைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் இரண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டே இருந்தது. "பாவம்மா அந்த ஆளு. பழைய மார்க்கெட்ல மாட்டிக்கிட்டாரு," என்றார்.

"அண்ணே, நம்ம சம்பளம் அந்தப் பழைய மார்க்கெட்லருந்துதான் வருது."

"அதத்தாம்மா நான் மாத்தணும்ங்குறேன்."

டேட்டா சென்டர் விஷயத்தில் அவர் சொன்னது பைத்தியக்காரத்தனம் இல்லை. அதனால்தான் வயிறு எரிகிறது. எங்கள் கண்ணெதிரே, செம்பனையை வெட்டிய நிலத்தில் ஜன்னலே இல்லாத கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. உள்ளே கம்ப்யூட்டர்கள் கொதிக்கும். முன்பெல்லாம் குளிர்க்காற்று ஊதினால் போதும், இப்போது வருகிற கம்ப்யூட்டர்களுக்குக் காற்று காணாது, குழாயில் குளிர்நீர் ஓடவேண்டும். ஒவ்வொரு அலமாரிக்கும் அந்தக் குழாயைப் பூட்டவும் கழற்றவும் சின்னச் சின்ன ஸ்டெயின்லெஸ் இணைப்புகள் வேண்டும். ஒரு சொட்டு கசியக்கூடாது. உள்வளைவும் மெல்லிய சுவரும் உள்ள சாமான், எங்கள் மெழுகு முறைக்கென்றே பிறந்தது மாதிரி. அண்ணன் இதைச் சொன்னபோது முதன்முதலாக நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு நாள் மதியம் ஒரு ஈமெயிலோடு ஓடிவந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்த இணைப்புக்கு விலை கேட்டு எழுதியிருந்தது. சாம்பிளும் செய்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான் அதில் இருந்தது. விலை கேட்பது வேறு, ஆர்டர் கொடுப்பது வேறு. துணிக்கடையில் புடவையைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் எல்லாரும் வாங்குவதில்லை என்று எங்கள் மெழுகு அறையில் எவருக்கும் தெரியும்.

எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, வயதான சீனர். தமிழ் தெரியாது, ஆங்கிலம் கொஞ்சம், மலாய் நன்றாகப் பேசுவார். எதையும் சொன்னது சொன்னபடி எடுத்துக்கொள்கிற மனிதர். ஐந்து மணிக்குக் கூட்டம் என்றால் ஐந்து மணிக்கு மேசையில் இருப்பார், நாம் 'வந்துட்டோம்' என்று சொன்னதை நம்பி. அவர் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அண்ணன் என்னிடம் தமிழில், "டேட்டா சென்டர் ஆர்டர் வந்துருச்சும்மா!" என்றார். உடனே தவுக்கே பக்கம் திரும்பி அதையே மலாயில் சொன்னார்.

"ஆர்டர் சூடா மாசோக், போஸ்."

தமிழில் சொன்னபோது அதில் ஒரு கண்சிமிட்டல் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பாதவனின் வந்துட்டேன் அது. மலாய்க்குப் போனதும் அந்தக் கண்சிமிட்டல் காணாமல் போய்விட்டது. ஆர்டர் உள்ளே வந்தாகிவிட்டது என்பது மட்டும் மிஞ்சியது. தவுக்கே முகம் மலர்ந்தது.

"அண்ணே, இன்னும் வரலியே. வெலதானே கேட்டிருக்காங்க?" என்றேன் தமிழில்.

"வந்த மாதிரிதாம்மா."

தவுக்கே, இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். "அவளுக்கும் ரொம்பச் சந்தோசமாம், போஸ்," என்று மலாயில் மொழிபெயர்த்தார் அண்ணன்.

எனக்கு மலாய் தெரியாதா? "பெலும், போஸ். பாரு தான்யா," என்றேன். இன்னும் இல்லை, இப்போதுதான் கேட்டிருக்கிறார்கள். தவுக்கே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மார்க்கெட்டிங்காரன் ஆமாம் என்பான், கியூசிக்காரி இல்லை என்பாள், அதற்குத்தானே உங்களுக்குச் சம்பளம் என்றார். அந்த மாதமே புதிதாக ஒரு மெழுகு மெஷின் வந்து இறங்கியது. அது மட்டும் சொன்ன தேதியில் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் நல்ல நேரம் முழுவதும் இணைப்புகளுக்குப் போயிற்று. மாலா அக்காவின் கைதேர்ந்த பெண்கள் எல்லாரும் சாம்பிளுக்கு. காஹாங் இம்பெல்லர்கள் ஓவர்டைமுக்குத் தள்ளப்பட்டன. ஒரு தடவை தாமதம், அடுத்த தடவையும் தாமதம். ஆலை இன்ஜினியர் என்னைத்தான் கூப்பிடுவார். "மிஸ், பம்பு நின்னு போச்சு. பழம் வெளிய கெடக்குது. எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க." நான் அண்ணனிடம் ஓடினால், "கெளம்பிருச்சுன்னு சொல்லும்மா," என்பார். மெழுகு மரத்தில் ஒட்டக்கூட இல்லாத இம்பெல்லரை எப்படிக் கிளம்பிவிட்டது என்பேன்? நாளை மறுநாளைக்கு அப்புறம்தான் என்று உண்மையைச் சொன்னேன். கடைசியாகப் பேசியபோது இன்ஜினியர் திட்டவே இல்லை. ஈப்போவில் ஒருவரிடம் ஆர்டரைக் கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள். அன்றைக்கு நான் அண்ணனோடு பேசவில்லை, அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

சாம்பிள் அருமையாக வந்தது. நானே அளந்தேன், நானே கையெழுத்துப் போட்டேன். உள்வளைவு பளிங்கு மாதிரி. ஒரு கசிவு இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டி எழுதினார்கள். டிசைனில் சிறு மாற்றம் வருகிறது, முடிவானதும் ஆர்டர் அனுப்புகிறோம் என்றார்கள். டிசைன் மாறியது, மறுபடி சாம்பிள் செய்தோம். மறுபடியும் மாறியது. கட்டடத்துக்குக் கரண்டு வரவேண்டும் என்றார்கள், தண்ணீர் அனுமதி என்றார்கள். புதுச் சாமானுக்குச் சந்தை பழுக்கிற வரைக்கும் வயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்கச் சோறு போட்டது செம்பனை, அதைத்தான் நாங்கள் ஈப்போவுக்கு அனுப்பிவிட்டோம்.

இத்தனைக்கும் நடுவில் அண்ணன் வேலையை விட்டார். சோகமாக விட்டிருந்தாலாவது மனம் இளகியிருக்கும். கண்கள் மின்னின. மெழுகை அச்சில் ஊற்றாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேராகவே அச்சடிக்கும் கம்பெனி ஒன்று செனாய் பக்கம் திறந்திருக்கிறார்கள், அங்கே கூப்பிட்டார்களாம். "அச்சே தேவையில்லம்மா. இனிமே தொழில் அதுலதான். வந்துருச்சு," என்றார். எல்லாருக்கும் பலகாரம் வாங்கித் தந்தார். மாலா அக்கா தட்டைத் தொடவில்லை. "நீங்க போற எடத்துக்கு அது வந்துருக்கும். எங்களுக்கு?" என்று கேட்டார். அண்ணன் அப்போதும் சிரித்தார்.

ஆட்குறைப்பை அறிவிக்கத் தவுக்கேயே கேன்டீனுக்கு வந்தார். கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில். அதில் நானும் இருந்தேன். எல்லாரும் கலைந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்த பிரதர் என்னிடம் பொய்தான் சொன்னானா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. வாய் வேறு மாதிரி பேசியது. பொய்யில்லை போஸ், இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பாவம், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு அன்றைக்கும் புரிந்திருக்காது.

சிங்கப்பூர் கம்பெனி என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மறுபடியும் நாலு மணி, மறுபடியும் பாலம். மகள் இப்போது பெரியவள், தானே தலை பின்னிக்கொள்கிறாள், வகிடு கோணலாகத்தான் இருக்கும். சில மாதங்களுக்கு முன்னால் என் மேசைக்குப் புது அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. அளக்கவேண்டிய சாமானை எடுத்ததும் கை நின்றுவிட்டது. அதே இணைப்பு. டேட்டா சென்டர் குளிர்நீர்க் குழாய்க்கு. எங்கள் சாம்பிளைவிடச் சுவர் சற்றே மெல்லியது, மற்றபடி அதே வளைவு. தாய்லாந்தில் வார்த்தது. அடுக்கடுக்காகப் பெட்டிகள், வாரம் தவறாமல் வருகின்றன. அண்ணன் சொன்ன மார்க்கெட் கடைசியில் வந்துவிட்டது, என் மேசைக்கே வந்துவிட்டது. நான் அளந்து, சரி என்று முத்திரை போட்டு, பாலத்தைத் தாண்டி ஜொகூர்க் கட்டடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். முதல் பெட்டியன்று கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் வேலை முடிந்து உட்லண்ட்ஸில் பாலம் தாண்டுகிற பஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது யாரோ தோளைத் தட்டினார்கள். அண்ணன். முடி நரைத்திருந்தது, கையில் சாம்பிள் பை. கஸ்டமரைப் பார்க்க வந்தாராம்.

"என்னம்மா, இங்க!" என்றார், நான் ஏதோ சுற்றுலா வந்தவள் மாதிரி. பாப்பா எப்படி இருக்கிறாள், என்ன படிக்கிறாள் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். பிறகு வரிசை நகர நகர ஆரம்பித்தார். ஒரே ஒரு சாமான் வேண்டுமென்றாலும் வார்த்துக் கொடுக்கிற காலம், அச்சு செலவே இல்லை, ஆஸ்பத்திரிக்காரன் கேட்கிறான், கப்பல்காரன் கேட்கிறான். "சிங்கப்பூர் கம்பெனிங்க எல்லாம் ஜொகூருக்கு எடம் மாறுறாங்கம்மா. எங்களுக்கு கியூசிக்கு நல்ல ஆளு வேணும். நீ வந்துரு."

இத்தனைக்கும் பிறகு, எல்லாம் தெரிந்த பிறகு, என் மனம் ஒரு நொடி துள்ளியது. காலையில் வீட்டில் இருப்பேன், அவள் சாப்பிட்டுவிட்டுப் போவதைப் பார்ப்பேன் என்று ஒரே நொடியில் ஒரு முழு வாழ்க்கை ஓடிப்போனது. அந்தத் துள்ளலுக்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஆர்டர் இருக்காண்ணே? கையில?"

"அதான் வந்து—"

"வந்துருச்சுன்னு சொல்லாதீங்க." குரல் உயர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க சொல்றது எல்லாம் வருது. நான் இல்லேன்னே சொல்லல. ஆனா அது வர்ற வரைக்கும் நான் என்னண்ணே பண்ணட்டும்?"

போலீஸ்காரருக்கும் டாக்டருக்கும் தவுக்கேவுக்கும் பதில் வைத்திருந்த மனிதர், சாம்பிள் பையைக் கீழே வைத்தார். நீண்டு கிடந்த வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதன்முதலாக அவர் கண்ணில் அந்த மினுக்கு இல்லை. என் நன்மைக்காகவே, தணிந்த குரலில் சொன்னார்:

"அதுவரைக்கும் நீ சிங்கப்பூர்லயே இரும்மா."

இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே நேரான பதில் அது. பளார் என்று ஒரு அறை விடலாம் போலிருந்தது.